சாட்சிகளுக்குச் சோறு போட்டவள்

அக்கா எங்களைக் காலையில் எழுப்புகிற விதமே தனி. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பாய்க்கு நேராக வந்து நின்று, முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டி, "எத்தனை விரல்?" என்பாள். மூன்று விரலைப் பார்த்து மூன்று என்று சொன்னால் அடுத்த பாய்க்குப் போய்விடுவாள். தூக்கக் கலக்கத்தில் இரண்டு என்று உளறினால் தொலைந்தோம். முடியைப் பிடித்துத் தூக்கி, இமையைப் பிரித்து, முகத்தை வெயிலுக்கு நேராகத் திருப்பி மறுபடியும் கேட்பாள். பார்வை இல்லாத நாலு பேரையும் அவள் சும்மா விட்டதில்லை. அவர்களுக்குக் கேள்வி வேறு.

"உசுரோட இருக்கியாடா?"

"இருக்கேங்க்கா."

"இரு. செத்தா அவன் ஜெயிச்சான்."

அவள் பேச்சில் 'அவன்' என்றால் ஒரே ஆள்தான். சாராய முதலாளி. சாராயத்தில் விஷத்தைக் கலந்து விற்று எங்கள் பக்கத்துக் குவாரி ஆட்களைக் கொன்றவன். அவன்மேல் கேஸ் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கேஸ் முடிகிறவரை சாட்சிகளைச் சாகவிடாமல் வைத்திருப்பது ஒன்றுதான் அக்காவுக்கு வேலை. அதற்காகத்தான் எங்களுக்கு இடம் கொடுத்தாள், சோறு போட்டாள். அன்பினால் செய்தாள் என்று யாராவது சொன்னால் காறித் துப்பியிருப்பாள்.

இடம் என்றால் வீடு இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருந்த கடலைக் குடோன். லப்பைக்குடிகாட்டு பாய் ஒருவருக்குச் சொந்தம். விதைக் கடலையை மெஷினில் உடைத்தால் பருப்பு பிளந்துவிடும், முளைக்காது. கையால்தான் உடைக்க வேண்டும். அதற்குக் கண் வேண்டியதில்லை, விரல் போதும். அக்கா போய்ப் பேசியபோது பாய் கொஞ்சம் யோசித்திருக்கிறார்.

"குடிகாரப் பசங்களை உள்ள விடுறது நமக்கு ஹராம்மா."

"குடிக்கிறதுதானே பாய் ஹராம்? குடிச்சுக் கண்ணு போனவனுக்கு நெழல் குடுக்கறதுமா?"

பாய் சாவியைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை மூட்டை இறக்க வரும்போதெல்லாம், "கேஸ் என்னம்மா ஆச்சு? இன்ஷா அல்லாஹ், சீக்கிரம் முடியும்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஏழு வருஷம் அதையே சொன்னார், பாவம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மதுவிலக்கு இருந்த காலம். சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் பின்னால், கருவேலங்காட்டுக்குள் முதலாளிக்கு ஒரு கொட்டகை இருந்தது. சம்பள நாள் பொழுது சாய்ந்ததும் சுற்றுப்பட்டு ஊர் ஆட்கள் அங்கே கூடுவார்கள். சரக்கு நல்லதா என்று பார்க்க எங்கள் பக்கம் ஒரு வழக்கம். மூடியில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டுவார்கள். நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு. மஞ்சளாக எரிந்தாலோ புகைந்தாலோ கலப்படம். இப்படித்தான் எங்கள் அப்பன்மார் பார்த்தார்கள், நாங்களும் பார்த்தோம். விஷச் சாராயமும் நீலமாகத்தான் எரியும் என்று சொல்ல ஒருவனும் இல்லை. அந்தச் சனிக்கிழமையும் கொட்டகைக்குள் ஒருவன் தீக்குச்சியைக் கொளுத்திப் பார்த்து, "நீலமா எரியுது, தைரியமாக் குடிங்கடா" என்று குரல் கொடுத்தான். குடித்தார்கள். மறுநாள் பொழுது இறங்குவதற்குள் பதினோரு பேர் போய்விட்டார்கள். ஆறு பேர் பிழைத்தார்கள். அதில் நாலு பேருக்குக் கண் முழுசாகப் போயிற்று, இரண்டு பேருக்கு மங்கல்.

செத்தவர்களில் அக்காவின் புருஷன் ஒருவன். கண் போனவர்களில் அவள் தம்பி ஒருவன். புருஷனைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அடிக்கிற ஆள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தம்பிக்குத்தான் அழுதாள். இருபத்திரண்டு வயது, கல்யாணம் பேசி வைத்திருந்த பையன்.

தீக்குச்சி கொளுத்தியவன் யார் என்று போலீசுக்குத் தெரியவில்லை. கிட்டத்தில் நின்று முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். மற்றவர்களுக்கு இருட்டில் ஒரு கையும் தீயும்தான் தெரிந்தன.

அது நான்தான்.

எனக்கு அந்தக் கேன் சரக்கு இல்லை. முதலாளி என் தோளைத் தொட்டு, "நீ இதுல வாய் வைக்காத. உனக்கு வேற வச்சிருக்கேன்" என்று சொல்லித் தனியாக ஒரு பாட்டில் கொடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தெரிந்துதான் குரல் கொடுத்தேன். ஓசிப் பாட்டிலுக்கு வாயை விற்றேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அதற்குப் பிறகு நான் குடித்ததெல்லாம் குடி இல்லை, மறதிக்கு மருந்து. வேப்பந்தட்டையிலிருந்து வந்த என் மாமனார் பெண்ணையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சாக்கடை ஓரம் கிடந்தேன். ஒரு நாள் உச்சி வெயிலில் யாரோ என்னைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். காலால்தான் புரட்டினார்கள். கண்ணைத் திறந்தால் அக்கா.

"மல்லாந்து கெடக்காத. வாந்தி நெஞ்சுல எறங்கிச் செத்துருவ. எந்த ஊரு நீ?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு நீயும் குடிச்சியா?"

"குடிச்சேன். எப்படியோ பொழைச்சிட்டேன்" என்றேன். பொய் வாயில் தயாராக இருந்தது.

"எத்தனை விரல்?"

"மூணு."

அவள் என் கண்ணையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு. எந்திரிச்சு வா, சாட்சிக்கு ஒரு ஆள் கூடட்டும்" என்றாள். போலீசிலும் அதே பொய்யை எழுதிக் கொடுத்து நான் ஏழாவது சாட்சி ஆனேன்.

குடிக்காதே என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஓடிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். தம்பி கிடந்தபோது இருபது நாள் பெரம்பலூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் இருந்தவள் அவள். யார் முதலில் செத்தார்கள், யார் கடைசிவரை தாங்கினார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வெறும் வயிற்றில் குடித்தவர்கள்தான் முதலில் போனார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. அதனால் சம்பள நாள் மத்தியானம் குடோன் வாசலில் கேழ்வரகுக் கூழ்ச் சட்டியோடு நிற்பாள். ஒரு சொம்பு குடிக்காமல் ஒருவனும் வெளியே போக முடியாது. போதையில் வந்து விழுந்தவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னால் கடலைத் தோல் மூட்டையை முட்டுக் கொடுப்பாள், புரளாமல் இருக்க. ஒரு நர்சம்மா சொல்லிக்கொடுத்தது. சில ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் குடோனுக்குள் பார்த்தால் ஆளுக்கொரு மூட்டையைச் சாய்ந்துகொண்டு வரிசையாகக் கிடப்போம். பாய் அதைப் பார்த்துவிட்டு, "எது சரக்கு, எது மூட்டைன்னு தெரியலையேம்மா" என்று சிரிப்பார்.

இன்னொன்று அவளே யோசித்துக் கண்டுபிடித்தது. புதுக் கேன் எங்கே உடைத்தாலும் முதல் நாள் எங்களில் ஒருவன்தான் குடிக்க வேண்டும். மறுநாள் காலை அவன் விரலை எண்ணிச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள். "செத்தா ஒருத்தன் சாவட்டும். ஏழு பேரும் ஒரே கேன்ல குடிச்சிட்டு மொத்தமா போனா என் கேஸ் என்னாவறது?" என்பாள். ஆளுக்கு ஒரு நாள் என்று சுற்றிவரும். வாடகைக் குடித்தனங்களில் வாசல் தெளிப்பதற்கு முறை வைப்பார்களே, அதுபோல இதற்கும் முறைவாசல் என்று பெயர் வைத்திருந்தோம். கண் இல்லாதவர்களுக்கு முறை கிடையாது. அதனால் கண் தெரிகிற குடிகாரர்கள் அவளுக்குத் தேவைப்பட்டார்கள். வீட்டில் சேர்க்காத நாலைந்து பேர் எங்கெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டார்கள். அவர்களையும் திட்டிக்கொண்டே சேர்த்துக்கொண்டாள்.

அப்படி வந்தவர்தான் ஆண்டிமடத்து முந்திரிக்காட்டு ஆள் ஒருவர். சித்திரை மாதம், அவர் முறை. மறுநாள் காலை அக்கா இரண்டு விரலைக் காட்டினாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பனியா இருக்குதேக்கா, வெளிய பனி பெய்யுதா?" என்றார். சித்திரையில் ஏது பனி? கண்தான் மங்குகிறது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவரை இழுத்துக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்று பெரம்பலூர் பஸ்ஸை மறித்தாள். கண்டக்டர் கத்தினார். "வழியில நிறுத்தி நிறுத்திப் போனா இவன் உன் பஸ்ஸுலதான் சாவான். பொணத்துக்கும் டிக்கெட் போடுவியா?" என்று கேட்டாள். பஸ் எங்கேயும் நிற்காமல் போனது. ஆள் பிழைத்தார், பார்வையோடு.

திரும்பி வந்ததும் அவர் காலில் விழப்போனார். அக்கா காலை இழுத்துக்கொண்டாள். "எந்திரிங்க. உங்களுக்காக ஒண்ணும் செய்யலை. இருக்கற சாட்சில எவனாவது கொறைஞ்சா சேத்துக்க ஆள் வேணும்ல" என்றாள். அவர் அந்தச் சனிக்கிழமை கொட்டகைப் பக்கமே போனவர் இல்லை. எப்படிச் சாட்சி ஆவார்? நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்குச் சோறு கிடைக்காது.

கேஸ் தேதி வந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே அளவைக் குறைக்கத் தொடங்குவாள். ஒரேயடியாக நிறுத்தினால் கை உதறும், இல்லாத பாம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும். ஒரு கிளாஸ், முக்கால் கிளாஸ், அரை, கால். கோர்ட்டு நாளில் எல்லாரும் குளித்து, விபூதி பூசி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்து போவோம். அங்கே முதலாளியின் வக்கீல் ஏதாவது காரணம் சொல்லி வாய்தா வாங்கிவிடுவார். இன்னொரு தேதி, இன்னொரு வாரம் பட்டினிக் குடி. இப்படி வாய்தாமேல் வாய்தாவாக வாங்கியே எங்களில் மூன்று பேரைக் குடியிலிருந்து மீட்டவர் அந்த வக்கீல்தான். அதில் நானும் ஒருவன். இதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

சாட்சிகளில் மங்கல் கண்காரர் ஒருவர் காசநோயில் போய்விட்டார். அக்கா அழவில்லை. பிணத்தின் தலைமாட்டில் நின்று, "துரோகி, ரெண்டு வாய்தா பொறுக்கக் கூடாதா உனக்கு?" என்று திட்டினாள். பிறகு நேராக முதலாளி வீட்டு வாசலுக்குப் போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டு எங்களுக்குச் சோறு போட்டாள். பழி கெட்டது, மன்னிப்பு பெரியது என்றெல்லாம் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஏழு வருஷம் ஒரு பழியைக் காப்பாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு எத்தனை பேருக்கு வடித்துக் கொட்ட வேண்டியிருக்கிறது என்று தெரியும்.

அந்தச் சாவுக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, "நீதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவன், வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு விருத்தாசலம் பக்கம் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். அங்கே சாமியிடம் பிராது கொடுக்கலாம். கோர்ட்டில் கொடுப்பதுபோலவே காகிதத்தில் எழுதி, யார்மேல் குறை என்று பெயர் போட்டு, அங்கே காவலாக இருக்கிற முனியப்பருக்கு முன்னால் கட்டிவிட்டு வர வேண்டும். காரியம் முடிந்ததும் மறுபடி போய் ராஜினாமா எழுதிக் கட்டிப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். நான் மண்டபத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"மொத வரி. சாராயத்துல வெஷம் கலந்தவன். அவன் பேரு, அப்பன் பேரு, ஊரு எழுது."

எழுதினேன்.

"ரெண்டாவது வரி. தீக்குச்சி கொளுத்தி, நீலமா எரியுதுன்னு சொல்லிக் குடிக்க வச்சவன்."

பேனா நின்றுவிட்டது. "பேருக்கா?" என்றேன்.

"பேரு தெரியலையே. அந்த எடத்தைக் காலியா விடு. சாமிக்குத் தெரியும்."

காலியாக விட்டேன். அவள் காகிதத்தை வாங்கி, என் எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள் அவள். பிறகு மடித்துக் கொண்டுபோய்த் தன் கையாலேயே கட்டினாள். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வேர்க்கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தாள். அதை இன்னும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு வழக்கமும் அவளிடம் இருந்தது. குடோனில் எங்கு பார்த்தாலும் கடலைத் தோல், நெருப்புப் பொறி பட்டால் போச்சு. அதனால் தீப்பெட்டியை மடியிலேயே வைத்திருப்பாள், யாரிடமும் தர மாட்டாள். ஆனால் காலையில் விரல் கணக்கெல்லாம் முடிந்ததும் அதை எடுத்து என் பக்கம் வீசி, "ஸ்டவ்வைப் பத்த வை" என்பாள். என்னிடம் மட்டும்தான். காய்ச்சலில் கிடந்தாலும் நான்தான் எழுந்து வர வேண்டும். மண்ணெண்ணெய்ப் பம்ப் ஸ்டவ். முதலில் மஞ்சளாக ஆடும், பம்ப் அடித்ததும் சீறிக்கொண்டு நீலமாகும். அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்தில் கடலை உடைத்துக்கொண்டிருக்கும் தம்பி தலையைத் தூக்குவான்.

"அண்ணே, என்ன கலரு எரியுது?"

"நீலம்ப்பா."

"நீலந்தானா?"

"நீலந்தான்."

தினமும் கேட்பான். கண் இல்லாத பையனின் ஆசை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா அந்த நேரத்தில் சட்டியைக் கழுவிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்பாள்.

பிறகு அரசாங்கமே சாராயக் கடைகளை ஏலம் விட்டது. முதலாளி ஒரு கடையை ஏலத்தில் எடுத்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஊரில் பெரிய மனிதர் ஆகிவிட்டார். பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் குடோனுக்குக் கடை ஆள் மூலமாக ஒரு கேன் வந்தது, அன்பளிப்பாக. குடிக்கிறவர்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா கொட்டிவிடுவாள் என்று நினைத்தோம். அவள் கேனை இடுப்பில் எடுத்துக்கொண்டு, "எல்லாரும் வாங்கடா" என்றாள். பட்டப்பகலில் தோள் பிடித்து வரிசையாக நடந்தோம், அவள் முன்னால்.

கடையில் நல்ல கூட்டம். அவள் கேனை முதலாளியின் மேஜைமேல் வைத்தாள். ஒரு கிளாஸில் ஊற்றினாள்.

"இந்தா, நீ ஒரு கிளாஸ் குடி" என்றாள். அந்த ஊரில் அவரை நீ என்று கூப்பிட்ட முதல் கூலிக்காரப் பெண் அவள்தான். "நீ இன்னைக்குக் குடி. நான் நாளைக்குக் காலையில வந்து விரலைக் காட்டறேன். எத்தனைன்னு எண்ணிச் சொல்லிட்டீன்னா மிச்சத்தை நாங்க குடிக்கிறோம்."

"பைத்தியமாம்மா நீ? பகல்ல நான் குடிக்கறதில்ல."

"பகல்ல வேணாம். பொழுது சாயட்டும். நாங்க உக்காந்திருக்கோம்."

நாலு குருடர்களையும் கடை வாசலில் வரிசையாக உட்காரவைத்தாள். அவர்கள் முகத்தையும் மேஜைமேல் இருந்த கிளாஸையும் மாறி மாறிப் பார்த்த கடைக் கூட்டத்தார், கையில் இருந்த கிளாஸைக் கீழே வைக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் தொடங்கினான், பிறகு வரிசையாகப் போனார்கள். முதலாளி கடைசிவரை அந்தக் கிளாஸைத் தொடவில்லை. அதில் விஷம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை இல்லாமலும் இருந்திருக்கலாம். தான் விற்பதைத் தானே குடிக்கத் துணியாதவன் என்று ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று, அது போதும். அன்றைக்கு நான் வயிறு குளிரச் சிரித்தேன்.

கிளம்பும்போது முதலாளி என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார். "நீ என் சாட்சியா அவ சாட்சியான்னு எனக்குத் தெரியும்டா. நானும் அதே கேன்லதான் குடிச்சேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்க. அதையே கோர்ட்லயும் சொல்லு. எனக்கு அது போதும்" என்றார். அவர் சொன்னதன் அர்த்தம் கோர்ட்டில்தான் முழுசாகப் புரிந்தது.

ஒருவழியாக விசாரணை நாள் வந்தது. சாட்சிகளை ஒவ்வொருவராகத்தான் உள்ளே கூப்பிடுவார்கள். முறை வராதவர்கள் வெளியே புளிய மரத்தடியில் இருக்க வேண்டும். என்னை முதலில் கூப்பிட்டார்கள். அக்கா சாட்சி இல்லை, அதனால் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதலாளியின் வக்கீல் எழுந்து, என்னை வெளிச்சம் வருகிற பக்கமாகத் திரும்பி நிற்கச் சொன்னார்.

"அன்றைக்கு நீயும் அதே கேனில் குடித்தாய் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறாய். சரியா?"

"ஆமாங்க."

"அந்தச் சுவரில் இருக்கிற கடிகாரத்தில் மணி என்ன?"

"பதினொண்ணு பத்துங்க."

வக்கீல் நீதிபதியைப் பார்த்துப் புன்னகை செய்தார். அதே கேனில் குடித்த இவனுக்குக் கடிகார முள் தெரிகிறது; ஆகவே கேனில் விஷம் இல்லை; மற்றவர்கள் வேறு எங்கோ எதையோ குடித்திருக்கிறார்கள் என்று சொன்னார். ஏழு வருஷமாக அக்கா கூழ் ஊற்றிக் காப்பாற்றிய என் கண்ணும் என் பொய்யும் சேர்ந்து அந்த ஆளைக் காப்பாற்றப் போகின்றன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதலாளி கூண்டில் நின்றுகொண்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பொய் சொன்னேங்க" என்றேன். "நான் அதுல குடிக்கலைங்க. இதுல வாய் வைக்காதேன்னு அவருதான் சொன்னாரு. எனக்குத் தனிப் பாட்டில் குடுத்தாரு. தீக்குச்சி கொளுத்தி நீலமா எரியுதுன்னு சொன்னது நான்தாங்க."

அதற்குப் பிறகு வக்கீல் என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். விஷம் என்று தெரிந்தே விற்றான் என்பதற்கு அதுவரை சாட்சி இல்லை, இப்போது வந்துவிட்டது. அடுத்தடுத்து மற்றவர்களும் சொன்னார்கள். சில வாரங்களில் தீர்ப்பும் வந்தது. முதலாளியை வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். என்னை ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சர்க்கார் வக்கீல் ஏதோ சட்டம் சொன்னார்.

தீர்ப்பு அன்று எல்லாரும் முன்னால் நடக்க, நான் பின்தங்கி அக்காவோடு நடந்தேன். சாட்சி சொன்ன நாளிலிருந்து அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்கக்கா."

அவள் நின்றாள். "மொத நாளே தெரியும். அந்தக் கேன்ல குடிச்ச எவனுக்கும் இப்படிக் கண்ணு இருக்காது. குடிக்காம அங்க நின்னவன் எவனா இருப்பான்?"

"தெரிஞ்சுமா சோறு போட்டீங்க?"

"செத்தா நீ தப்பிச்சிருவியே."

நான் அழுதேன். நான் அழுது முடிக்கிறவரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "அவனுக்கு அங்க தீர்ப்பு சொல்லிட்டாங்க. உனக்கு நான்தான் சொல்லணும். நாளைக்கு எப்பவும்போல ஸ்டவ்வைப் பத்த வை. எத்தனை வருஷம்னு கேக்காத. தம்பிக்கிட்ட மட்டும் சொல்லிறாத. அவன் வெளிய மரத்தடியில இருந்தான், அவனுக்குத் தெரியாது. எளகுன மனசு அவனுக்கு, மன்னிச்சிருவான். மன்னிச்சிட்டா நீ போயிருவ."

மறுவாரம் கொளஞ்சியப்பருக்கு ராஜினாமா எழுதப் போனோம். "மொத வரிக்கு மட்டும் எழுது" என்றாள். முதல் வரிக்கு மட்டும் எழுதினேன்.

கேஸ் முடிந்துவிட்டது, இனி எங்களை அனுப்பிவிடுவாள் என்று சிலர் பயந்தார்கள். அவள் மறுநாள் காலையும் வந்து நின்று விரலைக் காட்டினாள். எதற்கு இன்னமும் என்று ஆண்டிமடத்துக்காரர் கேட்டதற்கு, "அவன் ஜெயில்லேருந்து வெளிய வருவான்ல? வந்து பாக்கும்போது ஒருத்தன் கொறையக் கூடாது" என்றாள். முதலாளியின் வயிறு எரிய வேண்டும் என்பதற்காக இன்னும் எத்தனையோ குடிகாரர்களைப் பிழைக்கவைத்தாள். நான் அவளுக்கு எடுபிடி ஆனேன். பஸ் ஸ்டாண்டில் கிடப்பவர்களைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்கவைப்பது என் வேலை. நான் கையால்தான் புரட்டுவேன். அக்கா, "காலே போதும்" என்பாள்.

ஒரு மாசி மாதம் நெஞ்சுச் சளியில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. கடைசியாக நான் மூன்று விரலைக் காட்டி, "எத்தனைக்கா?" என்று கேட்டேன். "என்னையவே கேக்கறியா?" என்று சிரித்தாள். எத்தனை என்று சொல்லவில்லை. மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். அன்று மத்தியானம் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை. இனி எனக்குத் தண்டனை சொல்ல ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் கடலை உடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குத் தீக்குச்சி கொளுத்துனது..."

"தெரியும்ண்ணே" என்றான். கை நிற்கவில்லை. "கண்ணு போறதுக்கு முன்னாடி கடைசியாக் கேட்ட கொரலு. மறக்குமா? நீங்க குடோனுக்குள்ள வந்து மொத வார்த்தை பேசினப்பவே தெரியும். அக்காகிட்டச் சொல்லல. சொன்னா கொன்னுருவாங்கன்னு பயம்."

ஒவ்வொரு நாள் காலையும் நிறம் கேட்டவன் அவன். கேட்டுக் கேட்டு என்னைச் சொல்லவைத்தவன்.

"அக்காவும் மொத நாளே கண்டுபிடிச்சிட்டாங்கப்பா. கேஸ் முடிஞ்ச அன்னைக்கு எனக்குத் தண்டனையும் சொன்னாங்க. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க. நீ மன்னிச்சிருவியாம்."

அவன் கை அப்போதுதான் நின்றது. உடைத்த பருப்பைக் கூடையில் போட்டான். தோலைத் தள்ளினான். சிரித்தானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"அக்கா போட்ட தண்டனை. அதைக் கொறைக்க நான் யாருண்ணே?" என்றான். "நேரமாச்சு, எல்லாருக்கும் பசிக்கும். ஸ்டவ்வைப் பத்த வைங்க."

மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்துப் பற்றவைத்தேன்.

"என்ன கலருண்ணே?"

"நீலம்" என்றேன்.